சிவப்புப் பொட்டு வைத்த ஈரல்

ஈரல் டாக்டரிடம் வேலை பார்ப்பதில் உள்ள பெரிய கஷ்டம், ஊரில் ஒருத்தர்கூடக் குடிப்பதில்லை என்பதுதான்.

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு ஈரல் டாக்டரின் கிளினிக்கில் நான் சிஸ்டர். நோயாளி டாக்டர் அறைக்குள் போவதற்கு முன்னால் எடை பார்ப்பது, பிரஷர் பார்ப்பது, பிறகு அந்த ஒரு கேள்வியைக் கேட்பது, மூன்றும் என் பொறுப்பு. "குடிப்பீங்களா?" ஒரு நாளைக்கு நாற்பது பேரிடம் கேட்டிருக்கிறேன். முகத்துக்கு நேராகப் பொய் கேட்டுச் சம்பளம் வாங்கியவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், பஸ் கண்டக்டர்கள், இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகள், எல்லாரும் இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் பாடு நமக்குத்தான் தெரியும்.

மாலைக்காரர்

ஒரு ஃபவுண்டரிக்காரர் வந்தார். ஸ்கேனில் ஈரல் முழுக்கக் கொழுப்பு என்று எழுதியிருந்தது. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். மனிதருக்கு வந்ததே கோபம். "பழனிக்கு மாலை போடற ஆளைப் பாத்துக் கேக்கற கேள்விங்களா இது?" என்றார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கழுத்தைப் பார்த்தேன், மாலை தெரியவில்லை. சட்டைக்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கண்ணா, எப்ப மாலை போட்டீங்க?" என்று பணிவாகக் கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"வர்ற தைப்பூசத்துக்குப் போடறனுங்க சிஸ்டர்."

ஸ்டிக்கர் பொட்டு

இப்படிப்பட்டவர்களோடு ஏழு வருஷம் குப்பை கொட்டிய பிறகு எனக்கு யார்மேல் நம்பிக்கை வரும்? டாக்டர் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார், குடிக்காதவர்களுக்கும் ஈரலில் கொழுப்பு சேரும், உடம்பு எடையும் சர்க்கரையும் போதும் என்று. நான் தலையை ஆட்டுவேன், நம்ப மாட்டேன். அவர் நல்ல மனுஷர், யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார், அவரைக் காப்பாற்ற வேண்டியது என் கடமை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அதனால் நானாக ஒரு ஏற்பாடு செய்தேன். என் கைப்பையில் எப்போதும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை இருக்கும். குடிப்பதில்லை என்று ஒருத்தர் சொல்லி நான் நம்பினால், அவர் ஃபைலின் மூலையில் பச்சைப் பொட்டு. நம்பாவிட்டால் சிவப்பு. ஈரலில் கொழுப்பு என்று வந்தால் சிவப்புதான், விசாரணையே கிடையாது. சிவப்பு அட்டை வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது. பச்சை அட்டை வாங்கி இரண்டு வருஷம் ஆகியும் பாதி அப்படியே இருந்தது. ஒரு நாள் டாக்டர் ஃபைல் கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் சிஸ்டர், ஃபைலுக்கெல்லாம் பொட்டு வெச்சு உட்டிருக்கீங்க, பொண்ணு பாக்க வர்றாங்களா?"

ஆம்னியில் ஒன்பது பேர்

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒருத்தரைத் தனியாக விடுவது பெரிய குற்றம். தொண்டாமுத்தூர் நாச்சிமுத்து வந்த அன்றைக்கு மாருதி ஆம்னியில் ஒன்பது பேர் இறங்கினார்கள். நோயாளி யார் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நேரம் ஆயிற்று. தென்னந்தோப்புக்காரர், ஐம்பது வயது, எடை தொண்ணூற்று நாலு கிலோ. வயிறு உப்புசம் என்று எங்கேயோ ஸ்கேன் எடுத்திருக்கிறார், ஈரலில் கொழுப்பு. கூட வந்தவர்களில் முக்கியமானவர் சத்தியமங்கலம் சென்னியப்பன். நாச்சிமுத்துவின் மகள் சுமதியை இவர் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். பையன் சரவணம்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் வாத்தியார். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. உப்பையும் சர்க்கரையையும் தட்டு மாற்றி நிச்சயம் செய்கிற உப்புச்சக்கரை ஒன்றுதான் பாக்கி. வரப்போகிற சம்பந்திக்கு உடம்பு சரியில்லை என்றதும் சென்னியப்பன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்துவிட்டார்.

நான் எட்டுப் பேர் முன்னிலையில் கேள்வியைக் கேட்டேன். இல்லை என்றார். எப்பவாவது? இல்லை. கல்யாணம் காட்சியில்? அதுவும் இல்லை. தென்னந்தோப்பு வைத்துக்கொண்டு குடிப்பதில்லையாம் என்று எனக்குள் ஒரே சிரிப்பு. அட்டையிலிருந்து பெரிய சைஸ் சிவப்பாகப் பார்த்து எடுத்து ஒட்டினேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. இன்னும் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நானூறு தென்னை வெச்சிருக்கறனுங்க அம்மணி, இன்னிக்கு வரைக்கும் ஒரு மரத்துலகூடக் கள்ளுமுட்டி கட்டுனதில்லைங்க."

பெஞ்சு ஆராய்ச்சி

காத்திருக்கும் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு வேறு வேலை என்ன? என் பொட்டு ரகசியத்தை எனக்கே தெரியாமல் உடைத்தவர் ரங்கராசு. பஞ்சாலைத் தொழிலாளி, இரண்டு வருஷமாக வருகிறவர், சிவப்புப் பொட்டுக்காரர்களில் மூத்தவர். அன்றைக்குச் சென்னியப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா இருக்க முடியாமல், "அந்த மூலையில பாருங்க, செவப்பு வெச்சா நம்மாளு, பச்சை வெச்சா சைவம்" என்று விளக்கம் சொல்லியிருக்கிறார். சந்தோஷமாக வேறு சொல்லியிருக்கிறார்.

சென்னியப்பன் எழுந்து என் மேசைக்கு வந்தார். நாச்சிமுத்துவின் ஃபைலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பந்தியில் ரசம் கேட்கிற பணிவோடு கேட்டார்.

"ஏனுங் சிஸ்டர், இந்தப் பொட்டு வேர்த்தா உளுந்துருமுங்களா, இல்ல நெலையா நிக்குமுங்களா?"

ஊசி கேட்டு வந்தவர்

கொங்கு மரியாதையில் ஒரு சங்கடம், ஒருத்தர் வேண்டாம் என்று சொன்னது நமக்குப் புரியவே எட்டு நாள் ஆகும். முதலில் "நாள் பாத்துச் சொல்றமுங்க" என்று சொல்லி அனுப்பினாராம் சென்னியப்பன். பிறகு "ஆடி போகட்டுமுங்க" என்றாராம். அப்போது மாசி மாதம். ஆடி வரவே ஐந்து மாதம் இருக்கிறதே என்று ருக்மணி, அதுதான் நாச்சிமுத்துவின் மனைவி, விரல் விட்டு எண்ணிய பிறகுதான் கல்யாணம் நின்றுபோனது வீட்டுக்கே தெரிந்திருக்கிறது. காரணமும் எப்படியோ காதுக்கு வந்துவிட்டது. குடிகாரர் வீட்டில் பெண் எடுக்க மாட்டாராம்.

ஒன்பதாம் நாள் நாச்சிமுத்து தனியாக வந்தார். டாக்டரிடம், "ஈரல்ல ஊசி குத்தித் துண்டு எடுத்துப் பாப்பாங்களாமா, பயாப்ஸின்னு. அதைப் பண்ணி உடுங்க. இவன் குடிக்காதவன்னு எழுதிக் குடுங்க, நான் சத்தியமங்கலத்துக்குக் கொண்டு போறேன்" என்றார். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். விலா எலும்புக்கு நடுவில் ஊசியை விட்டு நூல் மாதிரி ஒரு துண்டு எடுப்போம், அதில் கொழுப்பு தெரியும், வீக்கம் தெரியும், தழும்பு விழுந்திருந்தால் தெரியும். ஆனால் அந்தக் கொழுப்பு பிராந்தியில் வந்ததா பலகாரத்தில் வந்ததா என்று அந்தத் துண்டைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது, இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். நாச்சிமுத்து வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். நான் எடை மிஷினைத் துடைக்கப் போய்விட்டேன்.

"ஈரலுக்கே தெரியாதுன்னா, ஊருக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

துண்டு

டாக்டர் ஒரு கெடு வைத்தார். மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை, மண்ணீரல் வீங்கவில்லை, ரத்தம் உறைவதில் குறை இல்லை. ஈரல் அடிபட்டால் ரத்தத்தில் ஏறுகிற எஸ்ஜிபிடி மட்டும் நாற்பதுக்குள் இருக்க வேண்டியது நூற்றுப் பதினெட்டு. சர்க்கரையும் எல்லையில் நிற்கிறது. மூன்று மாதம் எடையைக் குறையுங்கள், அந்த எண் இறங்கினால் ஊசி வேண்டாம், இறங்காமல் அடம் பிடித்தால் உள்ளே தழும்பு விழுகிறதா என்று பார்க்க ஊசி போட்டே ஆக வேண்டும். ரத்தம் கசிகிற ஆபத்து கொஞ்சமாவது உண்டு, சம்பந்திக்காகவெல்லாம் குத்த மாட்டேன் என்றார்.

வெளியே பெஞ்சில் அன்றைக்குப் பெரிய விவாதம். பயாப்ஸி செய்துகொண்ட ஒருத்தர் சட்டையைத் தூக்கிக் காட்டினார். விலாவில் கொசு கடித்த அளவு ஒரு புள்ளி. இதற்கா மூன்று நாள் பார்க்க வந்தவர்களிடம் ஹார்லிக்ஸ் வாங்கினாய் என்று எல்லாருக்கும் ஏமாற்றம். ரங்கராசு மட்டும் அந்தப் புள்ளியை ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் கவலையோடு கேட்டார்.

"பாத்து முடிச்சதும் அந்தத் துண்டைத் திருப்பி வெச்சுருவாங்களாங்க சிஸ்டர்?"

பதினோரு டீ

ஒரு மாதத்தில் நாச்சிமுத்து ஒரு கிலோ ஏறி வந்தார். எனக்கு வெற்றிச் சிரிப்பு. ஒரு நாள் முழுக்க வாயில் போடுவதையெல்லாம் நோட்டில் எழுதச் சொல்லி அனுப்பினேன். பிராந்தி எப்படியும் வெளியே வந்துவிடும் என்பது என் கணக்கு. நோட்டு வந்தது. பதினோரு டீ, எல்லாம் சர்க்கரை தூக்கலாக. ஏழு லட்டு, ஒப்புட்டு நாலு, முறுக்கு எண்ணவில்லை. "ஒரு நாளைக்கா?" என்று கத்தியே விட்டேன். நிதானமாக விளக்கினார். தான் குடிப்பதில்லை என்று சொல்வதற்காகச் சொந்தக்காரர் வீடு வீடாகப் போகிறாராம். போகிற வீட்டிலெல்லாம் டீயும் பலகாரமும். குற்றமில்லாதவர் என்று நிரூபிக்க நிரூபிக்க ஈரலில் கொழுப்பு ஏறிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்னு சொல்றதுக்கு என்னண்ணா?" என்றேன். என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்.

"டீ வேண்டாம்னா, இவருக்கு டீயெல்லாம் எங்க பத்தப்போகுதுன்னு நெனைச்சுக்குவாங்கல்லங்க அம்மணி."

நடைப்பயிற்சி

சுற்றுப் பயணத்தை நிறுத்தச் சொன்ன டாக்டர், காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொன்னார். டவுனுக்குள் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் நடக்கிறவர்களை நினைத்துச் சொல்லிவிட்டார், பாவம். தொண்டாமுத்தூரில் விடிகாலையில் நடக்கிறது யானை. முதல் நாளே வாழைத் தோட்டத்தை முடித்துக்கொண்டு மலைக்குத் திரும்பிய ஒரு கொம்பன் எதிரே வந்திருக்கிறது. நாச்சிமுத்து தன் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடி வீடு சேர்ந்தார். அந்த வாரம் எடை ஒன்றரைக் கிலோ குறைந்திருந்தது. யானையை மருந்தாகத் தினமும் எழுதிக் கொடுக்க முடியாதே என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

பிறகு மொட்டை மாடியிலேயே நூறு சுற்று நடப்பது என்று முடிவாயிற்று. அது ஒழுங்காக நடந்தது. ஒரு வாரம் கழித்து ருக்மணி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"பொண்ணு கல்யாணம் நின்ன வருத்தத்துல மனுசன் குதிக்கப் போறாருன்னு, தெனமும் ஊரே எங்கூட்டு வாசல்ல வந்து மேல பாத்துட்டு நிக்குதுங்க சிஸ்டர்!"

சுமதி

இதுவரை எனக்கு எல்லாம் விளையாட்டுதான். ஒரு மத்தியானம் சுமதி காலேஜிலிருந்து நேராக வந்தாள், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. யாரும் இல்லாத நேரம் பார்த்து, "சிஸ்டர், நிசமாச் சொல்லுங்க, எங்கப்பா குடிக்கறாருங்களா?" என்று கேட்டாள். நாற்பது பேரிடம் நான் கேட்கிற கேள்வியை என்னிடம் ஒருத்தி கேட்டாள். "உனக்கு என்ன கண்ணு தோணுது?" என்று மழுப்பினேன். அவள் அழவில்லை. கல்யாணம் போனது பெரிதில்லை என்றாள். ஊரெல்லாம் சொல்லச் சொல்ல, நமக்குத் தெரியாமல் இருக்குமோ என்று தனக்கும் ஒரு நாள் தோன்றிவிட்டது என்றாள். அவள் போன பிறகு நான் ஊசி போடும் அறையில் போய் உட்கார்ந்து அழுதேன், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன். போகும்போது அவள் சொன்னது காதிலேயே நின்றது.

"அப்பா தோப்புல இருந்து வந்து படுத்ததும், பக்கத்துல போயி மோந்து பாத்தேனுங்க சிஸ்டர், அப்பறம் எனக்கு என்ற மேலயே வெக்கமாயிருச்சு."

என் ஈரல்

அன்றைக்கே டாக்டரிடம் பொட்டு விஷயத்தை ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பெயரை எழுதி, "எண்பத்தோரு கிலோ இருக்கீங்க, நீங்களும் ஒருக்கா ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். போனேன். ஸ்கேன் சென்டர் டாக்டரம்மா எனக்குப் பத்து வருஷப் பழக்கம். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். என் ஈரல் முழுக்கக் கொழுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், நான் இருமல் மருந்துகூட யோசித்துக் குடிக்கிறவள். டாக்டரம்மா உதவிக்கு நின்ற பெண்ணை வெளியே அனுப்பினார், கதவைச் சாத்தினார், குரலைத் தாழ்த்தினார்.

"சிஸ்டர், தப்பா நெனைச்சுக்காதீங்க... எப்பவாச்சும் உண்டுங்களா?"

சத்தியமங்கலம் பஸ்

ஃபைல்களில் இருந்த பொட்டையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் நாச்சிமுத்துவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு சத்தியமங்கலம் பஸ் ஏறினேன். சென்னியப்பன் வாசலுக்கே வந்து வரவேற்றார். டீ வந்தது, அதிரசம் வந்தது, வேண்டாம் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பொட்டு வைத்தது என் தப்பு, நாச்சிமுத்து குடிக்காதவர் என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னார். கடைசி வரைக்கும் குடிக்கவில்லை என்றே சொன்னவராம். டெஸ்ட் என்றாலே ஓடி ஒளிந்தவராம். ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தபோது அண்ணிக்கு முப்பத்திரண்டு வயது. "இல்லீங்க இல்லீங்கன்னு கேட்டு நம்பி மோசம் போன ஊடுங்க இது. நீங்களே நம்பாமத்தானுங்களே பொட்டு வெச்சீங்க, என்னை நம்பச் சொன்னா எப்படிங்க?" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் சுட்டது.

என்னிடம் இருந்த கடைசி ஆயுதத்தை எடுத்தேன். என் ஸ்கேன் ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து, "பாருங்க, எனக்கும் அதேதான். நான் குடிக்கறவளா?" என்று கேட்டேன். அவர் வாங்கிப் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நாற்காலியை லேசாகப் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு எழுந்து, ரொம்ப அக்கறையோடு கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தனியாப் போயிருவீங்களா அம்மணி, நெதானமாத்தானே இருக்கீங்க?"

முடிவு நாள்

மூன்று மாதம் முடிந்து ரிசல்ட் பார்க்கிற நாள் வந்தது. ஆம்னி வந்து நின்றது. ஆறு பேர் இறங்கினார்கள், ஏழாவதாகச் சென்னியப்பன் இறங்கினார், கையில் ஆரஞ்சுப் பழம். கல்யாணம்தான் நின்றதே தவிர மரியாதை நிற்கவில்லை. ஊசி போடுவார்களோ என்னவோ என்கிற நாளில் தெரிந்தவரைத் தனியாக விடக் கூடாது என்று, சத்தியமங்கலத்திலிருந்து காலையிலேயே கிளம்பி வந்திருந்தார். எடை எண்பத்தைந்து. எஸ்ஜிபிடி முப்பத்தொன்பது. சர்க்கரையும் கீழே வந்துவிட்டது. டாக்டர் தாளை மேசைமேல் வைத்து, "பயாப்ஸி தேவையில்லைங்க. இதே மாதிரி நடந்துட்டு, ஆறு மாசத்துக்கு ஒருக்கா ரத்தம் பாத்தாப் போதும்" என்றார். எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது.

நாச்சிமுத்து சந்தோஷப்படவில்லை. சட்டையைக் கழற்றினார். பரிசோதனைக் கட்டிலில் ஏறிப் படுத்து, வலது கையைத் தலைக்கு மேல் தூக்கி விலாவைக் காட்டினார். மூன்று மாதமாகப் பெஞ்சில் கேட்டுக் கேட்டு அதையெல்லாம் கற்று வைத்திருக்கிறார். "குத்துங்க டாக்டர். ஒரு சின்னத் துண்டாவது எடுத்துப் பாருங்க. ஒண்ணும் தெரியாட்டிப் பரவாயில்லைங்க, நான் பயப்படலைன்னாவது எழுதிக் குடுங்க. என்ற புள்ளயே என்னைச் சந்தேகமாப் பாக்குதுங்க" என்று சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தார். எண்பத்தைந்து கிலோ அழுததில் கட்டில் கிறீச்சிட்டது. ருக்மணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சென்னியப்பனைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த ஆரஞ்சுப் பையைக் கீழே வைத்தார். கட்டிலருகே போய், கழற்றிப் போட்ட சட்டையை எடுத்து உதறி நாச்சிமுத்துவின் கையில் கொடுத்தார்.

"எங்கண்ணன் இந்த ஊசின்னு பேரு சொன்னதுக்கே ஆஸ்பத்திரிச் செவுரேறிக் குதிச்சு ஓடிப்போனாருங்க, குடிக்கறவன் குத்துங்கன்னு இப்படிப் படுத்துட்டு அழுவ மாட்டானுங்க, எந்திரிங்க சம்பந்தி, வர்ற பொதங்கெழம உப்புச்சக்கர மாத்திக்கலாமுங்க."

ஊசி குத்தலாமா வேண்டாமா என்று மூன்று மாதம் ரத்தமும் எடையுமாகப் பார்த்து நாங்கள் எடுத்த முடிவை, எட்டாங்கிளாஸ் தாண்டாத ஒரு மனிதர் இன்னொருத்தர் அழுவதைப் பார்த்தே எடுத்துவிட்டுப் போனார், அதில் எது வைத்தியம் என்று எங்கள் டாக்டரைக் கேட்டால் இன்றைக்கும் கண்ணாடியைத்தான் துடைக்கிறார்.